இளைத்து வரச் சொன்ன மகனுக்கு

அய்யா,

இங்கே யாவரும் நலம், நீயும் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன் என்றுதான் நீ மெட்ராஸ் போன நாளிலிருந்து என் கடிதங்களைத் தொடங்கி வந்திருக்கிறேன். இன்று அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. இங்கே யாவரும் நலமாக இல்லை. நீ கட்டிக்கொள்ளப் போகிற ஜெயசீலி, போன வாரம் அருப்புக்கோட்டையில் வேலை முடிந்து திருச்சுழி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கண் இருட்டிப் படியிலிருந்து கீழே விழுந்துவிட்டாள். உதடு கிழிந்து தையல் போட்டிருக்கிறது. கூட வந்த ஒரு அம்மாள்தான் அவளைத் தூக்கி உட்காரவைத்து, "காலையில என்னம்மா சாப்புட்ட?" என்று கேட்டிருக்கிறாள். இவள் பதில் சொல்லவில்லையாம். அந்தப் பதிலை நான் உனக்குச் சொல்கிறேன். அவள் சாப்பிட்டது நீ அனுப்பிய பவுடர்.

இதை ஜெயசீலி என்னிடம் சொல்லவில்லை. "அவுகளுக்குத் தெரிய வேண்டாம்" என்று உன்னைச் சொல்லி வீட்டில் எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவளுடைய அம்மாதான் முந்தாநாள் மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினார். முகத்தைப் பார்த்ததும் ஏதோ சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் பிடித்தபடியே பேச்சைத் தொடங்கினார்.

"மதினி, தப்பா நெனைக்காதீக. கல்யாணத்த ரெண்டு மாசம் தள்ளி வச்சுக்கிடலாமானு கேக்கத்தான் வந்தேன்."

"ஏன், வீட்டுல ஏதும் சங்கடமா?"

"அதெல்லாம் இல்ல மதினி. பிள்ளைக்கு இன்னும் எடை எறங்கல. மாப்பிள்ளை சொன்ன அளவுக்கு வரணும்ல. அவ ஒண்ணும் ஏமாத்தல, பட்டினியாத்தான் கெடக்கா. ஒடம்புதான் கேக்க மாட்டேங்குது."

பெண்ணின் உதடு கிழிந்து கிடக்கிறது, பெற்றவள் சண்டை போட வரவில்லை, தவணை கேட்க வந்திருக்கிறாள். அதுவும் என்னிடம், என் மகன் சார்பாக. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டு, "கல்யாண போட்டோல நல்லா இருக்கணும்ல, பத்து கிலோ கொறைச்சிரு" என்றாயாம். நண்பன் ஒருவன் கையில் இளைக்கிற பவுடர் என்று பெரிய டப்பா ஒன்றும் கொடுத்து அனுப்பினாயாம். காலையில் ஒரு டம்ளர், இரவில் ஒரு டம்ளர், மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய். எட்டு மணி நேரம் டைப் அடிக்கிற பிள்ளைக்கு இதுதான் ஆகாரம். டப்பாவின் மேல் ஒரு வெள்ளைக்காரி இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் எந்த ஊரில் எந்த பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போகிறாள் என்று அதில் போடவில்லை.

உன் எஸ்தர் சித்தி அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மாவை பஸ் ஏற்றிவிட்டு நான் திரும்பியதும் சொன்னாள்: "அக்கா, அவனுக்கு என் கதையச் சொல்லிரு. நானே சொன்னா, சித்தி ஏதோ கோவத்துல பேசுறானு நெனப்பான்." அவள் அனுமதி கொடுத்ததால்தான் எழுதுகிறேன். சித்தப்பாவோடு ஒத்துப்போகவில்லை, அதனால் வந்துவிட்டாள் என்று மட்டும்தான் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். மீதியை இப்போது கேள்.

எண்பதுகளின் தொடக்கம் அது, நீ நான்காம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ. எஸ்தர் டீச்சர் டிரெயினிங் முடித்திருந்தாள். எங்கள் அப்பா வழி உடம்பு அவளுக்கு. அகன்ற தோள், கனத்த கை, நல்ல உயரம். ஓடுவாள், கிணற்றில் தண்ணீர் இறைப்பாள், ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. மதுரையில் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவருக்கு அவளைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பலகாரத்தையெல்லாம் சாப்பிட்டு முடித்துவிட்டு, கை துடைத்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணு மொகம் லட்சணமாத்தான் இருக்கு. ஒடம்புதான் கொஞ்சம் பெருசு. கல்யாணத்துக்குள்ள எளைச்சுருவால்ல?" உன் தாத்தா, "அதுக்கென்னம்மா, எளைச்சுருவா" என்று சொல்லிவிட்டார். யாருடைய உடம்பைப் பற்றி யார் வாக்குக் கொடுக்கிறார்கள் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று ஒரு பழமொழி இருக்கிறதே, அதைத் தெருவில் போகிற வருகிறவர்களெல்லாம் அவளைப் பார்த்துச் சொன்னார்கள். காலையில் கொள்ளுத் தண்ணீர், மத்தியானம் ஒரு இட்லி, இரவு மோர். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கறி சாப்பிடும்போது அவளை உள் அறையில் உட்காரச் சொல்லிவிடுவார்கள், வாசனை பட்டு ஆசை வந்துவிடும் என்று. போதாதென்று ஒரு மருந்துக் கடைக்காரர், "இதப் போட்டா வாரத்துக்கு ரெண்டு கிலோ எறங்கும்" என்று ஒரு மாத்திரை கொடுத்தார். மாத்திரையைப் போட்டால் நாளெல்லாம் சிறுநீர் போகும். எடை இறங்கத்தான் செய்தது. ரவிக்கையைத் திரும்பத் திரும்பப் பிடித்துத் தைத்தோம். கோயிலில் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று, "எப்படி எளைச்ச, எங்களுக்கும் சொல்லேன்" என்று கேட்டார்கள். நெஞ்சு படபடக்கிறது, கால் இழுக்கிறது என்று அவள் சொன்னபோது மட்டும், கல்யாணப் பயம் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

கல்யாண போட்டோவில் அவள் அழகாகத்தான் இருந்தாள். நீ கேட்கிறாயே, அதே மாதிரி போட்டோ. கழுத்தெலும்பு தெரிய, கன்னம் ஒட்டி, சினிமாக்காரி போல. ஆனால் போட்டோ எடுத்த மறுநாளும் மனுஷிக்குப் பசிக்கும் அல்லவா? மதுரையில் போய் எல்லோரையும் போல இரண்டு வேளை சோறு தின்றாள், அவ்வளவுதான். வறண்ட கண்மாய் முதல் மழையைக் குடிப்பது போல அந்த உடம்பு தின்றதையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டது. ஒரு வருஷத்திற்குள் போன எடையும் வந்தது, அதற்கு மேலும் வந்தது. மாமியார் தட்டில் சோற்றைக் குறைத்தார். இவளே பயந்துபோய் மறுபடியும் அந்த மாத்திரையை வாங்கிப் போட ஆரம்பித்தாள். ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் மயங்கி விழுந்திருக்கிறாள். அதற்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டிய மனுஷன், பஸ் ஏற்றி, தாத்தாவும் அப்போது இருந்த நம் வீட்டுக்குக் கூட்டி வந்தார். உன்னைக் கடைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் பேசினோம். நீ கலர் சோடா வாங்கி வந்தாய், அதைக்கூட அவர் குடித்தார்.

பையிலிருந்து அந்தக் கல்யாண போட்டோவை எடுத்து, எஸ்தரின் தோளுக்குப் பக்கத்தில் பிடித்தார். "மாமா, இது நீங்க கட்டிக்குடுத்த பொண்ணு. இந்தா நிக்கிறது யாரு? காட்டுனது ஒண்ணு, அனுப்புனது ஒண்ணா?" என்றார். மாடு மாற்றிக் கட்டியதற்குச் சந்தையில் நியாயம் கேட்பார்களே, அந்தக் குரல். உன் தாத்தா தலையைக் குனிந்துகொண்டார். "சரியாக்கி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு அவர் சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார். எனக்கு இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கை கண்ணில் நிற்கிறது, போட்டோவைப் பிடித்திருந்த கை. அதில் கல்யாணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்த மோதிரம் கிடந்தது.

மறுநாள் காலையில் எஸ்தரால் எழுந்திருக்க முடியவில்லை. கால் இரண்டும் மரக்கட்டை போல இழுத்துக்கொண்டது, மூச்சு வாங்கியது. உன் அப்பா வாடகைக் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வேலைக்குப் புதிதாக வந்திருந்த டாக்டரம்மா, என்னைவிட இளையவர், மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு எங்களைத்தான் ஏசினார். "இது உடம்புல இருக்கற தண்ணியத்தான் வெளியேத்தும். கொழுப்பு இருந்த இடத்துலதான் இருக்கும். தண்ணியோட சேந்து உப்புச்சத்தும் போயிடுது. அந்தச் சத்து இல்லன்னா இதயம் ஒழுங்கா துடிக்காது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இவங்கள உயிரோட கொண்டு வந்திருக்க மாட்டீங்க." கல்யாண வீட்டில் எல்லோரும் கைதட்டிய இளைப்பு எது என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போது உன் சித்தி டாக்டரிடம் என்ன கேட்டாள் தெரியுமா? "அப்ப எப்படித்தான் எளைக்கிறது டாக்டர்?" என்றாள். சாகக் கிடக்கிறவள் கேட்கிற கேள்வியா அது? அந்த அளவுக்கு அவளை ஆக்கி வைத்திருந்தார்கள். டாக்டரம்மா கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எதச் செய்யறதுக்கு முன்னாடியும் ஒரு கேள்வி கேட்டுக்கோ. இத என்னால அம்பது வயசுலயும் செய்ய முடியுமா? முடியும்னா ஆரம்பி. முடியாதுன்னா இன்னைக்கே ஆரம்பிக்காத. மெதுவா எறங்கட்டும். வேகமா எறங்கினா சந்தோஷப்படாத, எங்கிட்ட வா" என்றார்.

அதற்குப் பிறகு அவள் செய்தது எதுவும் யாரும் விளம்பரம் போடக்கூடிய காரியம் இல்லை. மூன்று வேளையும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். சோற்றைக் கொஞ்சம் குறைத்தாள், சீனியவரைக்காயும் கீரையும் பயறும் கூடின. கம்பும் குதிரைவாலியும் நம் பக்கத்துத் தவசம்தானே, அரிசிக்குப் பதில் சில நாள் அதைப் பொங்கினாள். காபிக்குச் சீனியை ஒரேயடியாக விடவில்லை, நாக்குக்குத் தெரியாமல் மாசா மாசம் குறைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கறியை விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டால் உட்கார்ந்து தின்றாள், மறுநாள் அதற்காகப் பட்டினி கிடக்கவும் இல்லை. பக்கத்திலுள்ள பாலவனத்தத்தில் பள்ளிக்கூட வேலை கிடைத்ததும், அந்த ஊருக்கு முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி மீதி தூரத்தை நடந்தாள். சாயங்காலமும் அப்படியே. மழை பெய்தால் பஸ்ஸில் போவாள். நம் ஊரில் எத்தனை நாள் மழை பெய்கிறது?

அந்த நடையையும் சும்மா விட்டார்களா? ரோட்டோரத்தில் மிளகாய் வத்தல் வாங்கி விற்கிற கமிஷன் கடை ஒன்று இருந்தது. அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவன் அவள் வரும்போதெல்லாம், "ஏலே, லோடு லாரி வருதுலே, ஒதுங்குங்க" என்பான். ஒரு நாள் நானும் கூட நடந்தேன். வேகமாகப் போய்விடலாம் என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் கையை உதறிவிட்டு நேரே கடைக்குள் போனாள். மூட்டை நிறுக்கிற தராசு தரையில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நின்றாள்.

"அண்ணே, நிறுத்துச் சொல்லுங்க. லோடு எம்புட்டுனு தெரியாமயே தெனமும் பேசுறீகளே."

கடை முதலாளிதான் எழுந்து வந்து, "டீச்சர், எறங்குங்க, பயலுக தெரியாம பேசிட்டானுக" என்றார்.

"தெரிஞ்சுதான் பேசுனாக. நான் நாளைக்கும் இந்த வழியாத்தான் வாரேன். சும்மா ஒக்காந்திருக்கிற அண்ணனும் வேணும்னா கூட நடக்கட்டும், வயிறு கொறையும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

ரோட்டுக்கு வந்த பிறகு, வேலிக்கருவை மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். மறுநாளும் அந்த வழியாகத்தான் போனாள்.

இரண்டு வருஷம் போல ஆனது, உடம்பு ஒரு நிலைக்கு வந்து நிற்க. ஒல்லியாக ஆகவில்லை. அவள் எலும்பே பெரிய எலும்பு. ஆனால் மூச்சு வாங்குவது நின்றது, கால் இழுப்பது நின்றது, ரத்த அழுத்தம் சரியானது. இந்தச் சேதி மதுரைக்கும் போய், அந்த மனுஷன் ஒரு தட்டு நிறையப் பழத்தோடு வந்து நின்றார். "இப்ப நல்லா இருக்கா, கூட்டிட்டுப் போறேன்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. எஸ்தர் அவருக்கு இலை போட்டுச் சோறு பரிமாறினாள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, "நான் எளைச்சது ஒங்களுக்காக இல்ல. நாளைக்கே எனக்கு ஒரு நோவு வந்து ஒடம்பு போட்டா, மறுபடி போட்டோவத் தூக்கிட்டு வருவீக. போயிட்டு வாங்க" என்றாள். அதோடு முடிந்தது அந்தக் கல்யாணம். ஊர் என்ன பேசியது என்பதை நான் எழுதப் போவதில்லை. ஊருக்கு அவள் இளைத்தாலும் பேச்சு, பெருத்தாலும் பேச்சு.

நீ இப்போது நினைப்பாய், எடை கூடினால் கெடுதல் இல்லையா, அம்மா ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று. கெடுதல்தான். அதை எனக்கு நீ சொல்ல வேண்டாம். உன் அப்பாவுக்குச் சர்க்கரை வந்தபோது காலில் புண் ஆறாமல் நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவரை நிமிர்த்தியது எது? உன் சித்தியின் அதே சாப்பாடும் அதே நடையும்தான். இருவரும் இன்றைக்கும் விடிகாலையில் ஒன்றாகத்தான் நடக்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது வேறு. ஒரு தேதிக்குள் இவ்வளவு கிலோவைக் கழித்துவிட்டு வா என்று சொல்வது வேறு. ஜெயசீலி சுகமாக நெடுநாள் இருக்க வேண்டும் என்ற அக்கறை உனக்கு இருந்திருந்தால், கல்யாணத் தேதியை அதற்குக் கெடுவாக வைத்திருக்க மாட்டாய். அந்தப் பவுடரை அவள் கல்யாணத்துக்குப் பிறகும் குடிக்க வேண்டுமா, பிள்ளை உண்டானால் குடிக்கலாமா, கிழவியானாலும் குடிப்பாளா என்று கடைக்காரனிடம் ஒரு கேள்வி கேட்டாயா? நீயாவது ஒரு வேளை அதைக் குடித்துப் பார்த்தாயா?

நிச்சயதார்த்தத்தன்று நீ போட்டிருந்த சட்டை, வயிற்றுப் பக்கம் பொத்தான் இழுத்துக்கொண்டு நின்றது. மெட்ராஸ் பரோட்டா அது. ஜெயசீலி வீட்டில் அத்தனை பேரும் பார்த்தார்கள். "மாப்பிள்ளை கல்யாணத்துக்குள்ள எளைச்சுருவார்ல?" என்று ஒருவர் கேட்டாரா? உன் தட்டில் இன்னொரு கரண்டி கறிதான் போட்டார்கள். டாக்டரம்மா சொன்ன அந்தக் கேள்வியை நீ முதலில் உன்னையே கேட்டுக்கொள். ராத்திரி ஹோட்டல் சாப்பாட்டைக் குறைத்து, ஆபீசுக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நட. ஒரு வருஷம் செய்துவிட்டு வந்து, பிறகு அடுத்தவருக்குச் சொல்.

நேற்று நானும் சித்தியும் திருச்சுழிக்குப் போனோம். உதட்டில் தையல் இருப்பதால் மெல்ல முடியாது என்று சித்தி குதிரைவாலியில் பயறு சேர்த்துக் கஞ்சி வைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஜெயசீலி கிண்ணத்தை வாங்கிக்கொண்டு, "இதக் குடிச்சா எடை கூடுமா சித்தி?" என்று கேட்டாள். "குடிச்சா தெம்பு கூடும். குடி தாயி" என்றாள் உன் சித்தி. அவள் குடித்தாள். முதலில் கூச்சப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக, பிறகு வேகமாக. எத்தனை நாள் பசியோ. கிண்ணம் காலியான பிறகு, சித்தி தன் கதையை அவளிடம் தானே சொன்னாள். போட்டோவைத் தோளுக்குப் பக்கத்தில் பிடித்ததையும் சொன்னாள்.

ஜெயசீலி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்: "நான் எளைக்கலைனா அவுக வேண்டாம்னு சொல்லிருவாகளா அத்தை?"

"அவன் சொன்னா சொல்லட்டும். நீ என்ன சொல்ற? அதக் கேக்கத்தான் நாங்க வந்தோம்."

அவளுடைய அம்மா, "அவ என்னத்தச் சொல்லப் போறா மதினி, ஒங்க வீட்டுக்கு வரக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று ஆரம்பித்தார். ஜெயசீலி அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நான் யோசிச்சுச் சொல்றேன் அத்தை" என்றாள்.

ஆகவே கல்யாணத் தேதியை நான் தள்ளவும் இல்லை, உறுதி செய்யவும் இல்லை. அது இப்போது அவள் வாயில் இருக்கிறது. அவள் வேண்டாம் என்று சொன்னால், நான் அவள் பக்கம்தான் நிற்பேன் என்பதை இப்போதே உனக்குச் சொல்லிவிடுகிறேன். நீ இந்தச் சனிக்கிழமை பஸ் ஏறு. நம் வீட்டுக்கு வராதே, அருப்புக்கோட்டையில் பஸ் மாறி நேரே திருச்சுழிக்குப் போ. பரிசு, புடவை என்று எதையும் வாங்கிக்கொண்டு போகாதே. வாசலில் நின்று அவளிடம், அவள் அம்மாவிடம் அல்ல, அவளிடம் மன்னிப்புக் கேள். உள்ளே வா என்று சொன்னால் போ. சாப்பிடச் சொன்னால் உட்கார். அவளும் தனக்கு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வந்து உன் எதிரில் உட்கார்ந்த பிறகு, நீ சோற்றில் கை வை.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா